ஒன்பதில் பாதி

“முப்பத்தாறுல பாதி?”

“பதினெட்டு.”

“அதுல பாதி?”

“ஒம்போது.”

“ஒம்போதுல பாதி?”

ஜைனபக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏழு.”

நானும் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். சரியான விடையைச் சொல்லிவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

வெளியே மழை விட்டு, பனிமூட்டம் கடைவீதிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்குள் புதுத்துணியின் கஞ்சி வாசனை. அவருடைய முக்காட்டுக்கு அடியில், இடது காதுக்கு மேலே, வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்று தெரிந்தது.



துணிக்கடையில் ஒரு கணக்குப் பட்டதாரி

இந்தத் தொடரில் போன வாரம் ஆய்வகத்தில் பாதரசம் சிந்திய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: “டீச்சர், துணிக்கடைக் கணக்க எப்ப எழுதப் போறீங்க?” எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்தச் சனிக்கிழமையை நினைத்தாலே கை தயங்கும். அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஏற்காட்டில் ஜைனபக்காவின் துணிக்கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கணவர் கமால் பாய் சேலத்துக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சேலத்தில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு கல்யாணமாகி மலைக்கு வந்தவர். அதற்குப் பிறகு அவரிடம் எல்லோரும் கேட்ட ஒரே கணக்கு, “கடைசியா எவ்வளவுக்குக் குடுப்பீங்க?” என்பதுதான்.

நான் பக்கத்துத் தலைச்சோலை கிராமத்துக்காரி. எங்கள் வீட்டில் காப்பியும் மிளகும் பயிர். ஏற்காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் அக்கா கடையில்தான் உட்கார்வேன். டூரிஸ்ட் கூட்டம் ஏரிப் பக்கம் போய்விடும். துணிக்கடைக்கு அது ஓய்வான பொழுது.

“அது எங்க இருக்குது டீச்சர்?”

ஒரு நாள் பதினொன்றாம் வகுப்பில் ஆங்ஸ்ட்ராம் நடத்தினேன். அணுக்களை அளக்க வைத்திருக்கிற அலகு. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். கரும்பலகையில் சுழியாகப் போட்டுக்கொண்டே போனேன். முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து, “அது எங்க இருக்குது டீச்சர்?” என்றாள்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் இதை அக்காவிடம் சொன்னேன். அவர் ஒரு பாப்ளின் துண்டைக் கையில் எடுத்தார்.

“மீட்டர்ல இருந்து எதுக்குங்க டீச்சர் எறங்கறீங்க? மீட்டர் இரும்புக் கோலு, மடிக்க முடியாது. துணில இருந்து எறங்குங்க. ஒரு கெஜத்தப் பாதியா மடிங்க. மறுக்காப் பாதி. மறுக்காப் பாதி. எத்தனாவது மடிப்புல அணு வருது பாக்கலாம்.”

கரடியூர், செம்மநத்தம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் “பாவாடைக்கு ரெண்டு கெஜம் கிழிங்க” என்றுதான் கேட்பார்கள். கெஜம் என்றால் முப்பத்தாறு அங்குலம். அதில் பாதி முழம், முழத்தில் பாதி சாண், சாணில் பன்னிரண்டில் ஒரு பங்கு விரற்கடை. முழம் ஆளுக்கு ஆள் மாறும். கமால் பாயின் கைக்கும் அக்காவின் கைக்குமே நாலு விரல் வித்தியாசம். அதனால் எங்கள் கணக்குக்குக் கெஜத்தில் சரிபாதிதான் முழம் என்று வைத்துக்கொண்டோம்.

பல சனிக்கிழமைகள் இதில் கழிந்தன. ஒரு கெஜம் தொள்ளாயிரத்துப் பதினான்கு கோடியே நாற்பது லட்சம் ஆங்ஸ்ட்ராம். ஒரு முழம் நானூற்று ஐம்பத்தேழு கோடியே இருபது லட்சம். ஒரு விரற்கடை மட்டுமே பத்தொன்பது கோடிக்கு மேல்.

“அடேயப்பா,” என்றார் அக்கா. “இத்தன கோடி நம்ம கடைக்குள்ளதான் கெடந்துச்சுங்களா?”

மடிப்புக் கணக்கை அவர் மனதாலேயே போட்டார். நான் தாளில் சரிபார்த்தேன். ஐந்தாறு மடிப்புக்கு மேல் துணி வளைந்து கொடுக்காது. அதற்கப்புறம் மனதுக்குள்தான் மடிக்க வேண்டும். முப்பத்துமூன்றாவது மடிப்பில் ஓர் ஆங்ஸ்ட்ராமும் கொசுறும் வந்து நின்றது. ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அத்தனை மடிப்பிலும் அவர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. இதைச் சொல்லாவிட்டால் மேலே நான் சொல்லப் போவது விளங்காது.

பச்சைப் பட்டு

நான் எழுதத் தயங்கிய அந்தச் சனிக்கிழமை, அவர்கள் மகள் ரிஸ்வானாவைப் பார்த்துப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் சேலத்திலிருந்து வருவதாக இருந்தது. மாலை ஐந்து மணிக்கு. சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்கப் பச்சைப் பட்டு ஒன்றை எடுக்க, மதியம் அக்கா ஸ்டூலில் ஏறியிருக்கிறார். ஸ்டூல் புரண்டது. தலை கல்லாப் பலகையின் விளிம்பில் மோதியது.

ஒரு நிமிஷம் நினைவில்லையாம். பிறகு தானாகவே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கமால் பாய் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் காயத்தைத் துடைத்து, இரண்டு தையல் போட்டு, தெளிவாகவே சொல்லி அனுப்பியிருக்கிறார்: “தனியா விடாதீங்க. வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுல தடுமாற்றம், எது வந்தாலும் உடனே எனக்குப் போன் பண்ணுங்க.”

நான் மூன்று மணிக்குக் கடைக்குள் போனபோது அக்கா இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தார். டீ வரவழைத்தார். “கணக்குப் போடுங்க டீச்சர், தலவலி மறக்கட்டும்” என்று அவர்தான் ஆரம்பித்தார். பள்ளிக் கண்காட்சிக்காக மடிப்பு ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதிக் காட்டுவதாக இருந்தோம். அதைத்தான் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தோம்.

ஒன்பதில் பாதி ஏழு என்றார்.

“இது பள்ளிக்கூடம் இல்லீங்க”

“அக்கா, இன்னொருக்காச் சொல்லுங்க. ஒம்போதுல பாதி?”

“அதான் சொன்னேனுங்களே.” அவர் நெற்றியைத் தேய்த்தார். “ஏழு… இல்ல… அது என்னமோ… டீ ஆறுது, குடிங்க டீச்சர்.”

என் டம்ளர் காலியாகிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

கமால் பாய் கடையை ஒட்டிய வீட்டுக்குள் பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய், “பாய், அக்காவ இப்பவே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும்” என்றேன்.

“எதுக்குங்க? டாக்டர் பாத்துட்டாரே.”

“கணக்குத் தப்பாச் சொல்றாங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காலைல இருந்து ஓயாத வேலைங்க. அசதி. இப்பப் போயிக் கணக்குக் கேட்டா?”

“அசதில தப்பு வர்ற கணக்கில்லீங்க பாய் இது.”

“டீச்சர்.” அவர் குரல் மாறியது. “இது பள்ளிக்கூடம் இல்லீங்க. எம்பொஞ்சாதி உங்ககிட்டப் படிக்கிற புள்ளையும் இல்ல. இன்னும் ரெண்டு மணி நேரத்துல சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்துருவாங்க. பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரில கெடக்கறான்னா என்ன நெனப்பாங்க? உங்க கணக்க மூட்டை கட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போங்க.”

வாசலில் ரிஸ்வானா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அவர் திரும்பவே இல்லை. தரையில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முகம் எரிந்தது. போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர்கள் குடும்பம், அவர்கள் வீட்டு விசேஷம். தப்பாக இருந்தால் நாளைக்கு இந்தக் கடைவீதியில் எப்படி நடப்பேன்?

போகவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். எண்ணைக் கொடுத்தது ரிஸ்வானா. “எப்பவும் இதெல்லாம் மனசுலேயே போடறவங்களா?” என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். “இப்பவே கீழே எறக்குங்க. ஸ்கேன் எடுக்கற எடத்துக்கு நான் பேசி வெக்கறேன். போனை அவர்கிட்டக் குடுங்க.”

கமால் பாய் போனை வாங்கிக் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. செம்மநத்தம் முருகேசன் காப்பி மூட்டை இறக்கிவிட்டு ஜீப்போடு எதிரே நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் பின் சீட்டிலிருந்த சாக்குகளை இழுத்துத் தெருவில் போட்டான். “ஏறுங்க டீச்சர்” என்றான்.

வளைவுகள்

கமால் பாய் முன் சீட்டில். நானும் அக்காவும் பின்னால். அவர் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். “பேச்சுக் குடுத்துக்கிட்டே போங்க, பதில் எப்படி வருதுன்னு கவனிங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேறென்ன பேசுவேன்? எங்களுக்குத் தெரிந்த பேச்சு அதுதான்.

“அக்கா, ஒரு கெஜம் எத்தன கோடி?”

“தொள்ளாயிரத்து… பதினாலு.”

“முழம்?”

“நானூத்தி… ஐம்பத்தேழு.”

மனப்பாடமானது அப்படியே இருந்தது. அதில் எனக்கு ஒரு நப்பாசை. அடுத்ததைக் கேட்டேன். “சாண்?” அவர் வாயைத் திறந்தார். “எரநூத்தி… எரநூத்தி…” என்று அங்கேயே சுற்றினார். மூட்டத்தில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் முருகேசன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். சன்னல் இடுக்கு வழியாக ஈர மண் வாசனை வந்தது.

“எரநூத்தி எத்தன, அக்கா?”

அவர் கண்ணை மூடினார். பிறகு, “தலைக்குள்ள கல்லு வெச்ச மாதிரி இருக்குதுங்க டீச்சர்” என்றார்.

மலைப்பாதையில் பாதி இறங்கியிருப்போம். ஜீப் நின்றுவிட்டது. கீழே ஒரு வளைவில் டூரிஸ்ட் வேன் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. மேலேயும் கீழேயும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சேலத்துக்கு இறங்கும் இன்னொரு வழியான குப்பனூர் ரோட்டுக்குப் போகலாம் என்றால் மறுபடி மேலே ஏற வேண்டும். வண்டியைத் திருப்பவும் இடமில்லை. பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன.

அப்போதுதான் அக்கா வாந்தியெடுத்தார். என் சேலை முழுக்க. கமால் பாய் திரும்பிப் பார்த்தார்.

“ஜைனபு!”

அவர் கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார். யாரையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண்ணின் குரலில் சொன்னார்: “அம்மா, இருட்டா இருக்குது. என்னைய உட்டுட்டுப் போயிராதீங்க.”

“போகமாட்டேன் கண்ணு,” என்றேன். மூத்தவரைக் கண்ணு என்று கூப்பிடுகிறோம் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கமால் பாய் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினார். நாலடியில் மூட்டம் அவரை மூடிவிட்டது. குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வண்டியாகக் கண்ணாடியைத் தட்டினார். “எம்பொஞ்சாதி உயிருக்குப் போராடறாங்க. கொஞ்சம் ஓரங்கட்டுங்க சாமி, உங்க காலப் புடிக்கறேன்.”

முருகேசனும் இறங்கி ஓடினான். நான் மட்டும் அக்காவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் “ம்” கொட்டினார். பிறகு அதுவும் தேய்ந்துகொண்டே வந்தது.

மேலே ஏறி வந்துகொண்டிருந்த வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் வந்த காரும் நின்றிருந்தது. அதை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். கமால் பாய் தட்டிய கண்ணாடிகளில் அதுவும் ஒன்று. உள்ளே இருந்த சம்பந்தி அடையாளம் கண்டு இறங்கினார். என்ன ஏது என்று கேட்டவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனைத் தள்ளப் போய்விட்டார். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். ஒரு ஜீப் உரசிக்கொண்டு போகிற அளவுக்கு வழி பிறந்தது.

முருகேசன் தாவி ஏறினான். கமால் பாய் இந்தத் தடவை முன்னால் உட்காரவில்லை. பின்னால் ஏறி மனைவியின் காலை மடியில் வைத்துக்கொண்டார். அடிவாரம் வரும்வரை முருகேசன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

கையெழுத்து

சேலம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். உடனே திறந்து எடுக்க வேண்டும். கமால் பாயைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு வந்து, ஒரு பெஞ்சின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். என் சேலையில் வாந்தி காய்ந்திருந்தது.

நெடுநேரம் கழித்து அவர் தரையைப் பார்த்தபடி பேசினார்.

“காலேஜுல படிச்சவன்னு தெரியும். ஆனா இந்த மாதிரிக் கணக்கெல்லாம் மனசுலயே போடுவான்னு எனக்குத் தெரியாதுங்க டீச்சர். ஒரு நாளும் நான் கேட்டதில்ல. எங்கிட்ட ஏழுன்னு சொல்லியிருந்தா, எதுக்கு ஏழுன்னுகூடக் கேட்டிருக்கமாட்டேன்.”

“டீ வாங்கிட்டு வரட்டுங்களா பாய்?” என்றேன். தலையசைத்தார்.

விடியும்போது, ஆபத்து தாண்டிவிட்டது என்றார்கள்.

அக்காவுக்குப் பேச்சு சீக்கிரமே திரும்பியது. எண்கள் திரும்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரியிலேயே வந்து நிச்சயம் பேசினார்கள். கல்யாணம் எந்த மாதம், எந்தத் தேதி என்று கேட்டதற்கு அவரால் மாதத்தின் பெயரைச் சொல்ல முடிந்தது, தேதியைச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவர் அழுததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு விரல்விட்டு எண்ணுவதிலிருந்து தொடங்கினார். மாதக்கணக்கில் ஆனது. இப்போது கடைக்கு வருகிறார். பில்லுக்குக் கால்குலேட்டர் வைத்திருக்கிறார். மனக்கணக்கு சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் என்னிடம் கோபித்துக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை அவர் நினைவில் துளியும் இல்லை. ஸ்டூலில் ஏறியதுகூட. எத்தனையோ தடவை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நானும் சொல்லியிருக்கிறேன். என்னை அம்மா என்று கூப்பிட்டதை மட்டும் சொன்னதில்லை.

படித்துக் காட்டியது

இந்த வாரப் பகுதியை எழுதி முடித்ததும், அச்சுக்கு அனுப்பும் முன்னால் கடைக்கு எடுத்துப் போய் அவருக்கு முழுதும் படித்துக் காட்டினேன். கமால் பாய் பின்னால் யாருக்கோ திரைத்துணி அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா என்ற இடம் வந்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் நொம்பப் பயந்துட்டனுங்களா டீச்சர்?”

“ஆமாங்க அக்கா. நானுந்தான்.”

“அப்பச் சரி. அது இருக்கட்டும், படிங்க.”

முடித்தேன். அவர் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எல்லாம் சரிங்க. எங்கூட்டுக்காரரு உங்களப் பேசுனாரு பாருங்க, பள்ளிக்கூடம் அது இதுன்னு, அத மட்டும் எடுத்துருங்க. ஊரே படிக்கும். பாவம் அவரு.”

நியாயமாகத்தான் பட்டது. பேனாவை எடுத்து அந்த இடத்தைத் தேடினேன்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. கமால் பாய் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அடிச்சுடாதீங்க டீச்சர்,” என்றார். “பேசுனது நான்தானுங்களே. இருக்கட்டும்.”